‘அவர்கள்’ என்ற சொல்

என் தங்கை மகன் கம்ப்யூட்டர் துறையில் ஆராய்ச்சி செய்கிறவன். போன வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது, தான் கட்டுரை வாசித்த ஒரு சர்வதேசக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலை என் முன் பிரித்து வைத்தான். பெருமைக்காக அல்ல. அவனுடைய சகாக்களுக்கு அறுபது ஆங்கில வாக்கியங்களைத் தமிழில் எழுதித்தர ஓர் ஆள் தேவைப்பட்டது. வாக்கியத்துக்கு இவ்வளவு என்று கூலியும் உண்டு. எதற்காக இந்த வாக்கியங்கள் என்று நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் அந்த நிரல்.

இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன். கட்டுரைகள் எனக்குப் புரியக்கூடியவை அல்ல. தலைப்புகளின் பட்டியலைத்தான் படித்தேன். அறிவைக் குறியீடாக்குதல், திட்டமிடுதல், பார்வை, பேச்சை இனங்காணுதல், உணர்ச்சியை வகைப்படுத்துதல், நீண்டதைச் சுருக்குதல், சுட்டுப்பெயர் யாரைச் சுட்டுகிறது என்று கண்டுபிடித்தல், பொதுப்புத்தி சார்ந்த தர்க்கம் என்று போயிற்று அது. மனிதன் என்று நாம் எதைச் சொல்லி வந்தோமோ அது கூறு கூறாகப் பிரிந்து, ஒவ்வொரு கூறுக்கும் ஓர் அறையும் நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் நம் வட்டத்தில் வழக்கமாக எழும் ஒரு எரிச்சல் எனக்கும் எழுந்தது. முழுமையை வெட்டிப்போடுகிறார்கள், அனுபவத்தைப் பட்டியலாக்குகிறார்கள் என்கிற எரிச்சல். ஆனால் அதை நான் நம்பவில்லை. கவிதையைப் படிமம், வடிவம், தொனி, உள்ளடக்கம் என்று பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலாண்டிதழ் நடத்தியவர்கள்தானே நாம். வெட்டாமல் எதையும் பார்க்க முடியாது. வெட்டிய இடத்தில் என்ன சிந்திப் போகிறது என்பதே கேள்வி. எனக்கு அது ஒரே ஒரு வாக்கியத்தில் அகப்பட்டது.

2

முதலில் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

இத்துறைக்குப் பெயர் வைத்ததே ஒரு கருத்தரங்குக்கான விண்ணப்பம்தான். 1955 ஆகஸ்டில் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியல் ராச்செஸ்டர், க்ளாட் ஷானன் ஆகிய நால்வரும் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்திடம் பணம் கேட்டு எழுதினார்கள். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் அடுத்த கோடையில், இரண்டு மாதங்கள், பத்துப் பேர் கூடி ஆராய்வதாகத் திட்டம். அதில் ஏழு தலைப்புகள் இருந்தன: தானியங்கிக் கணிப்பான்கள், கம்ப்யூட்டரை மொழியைப் பயன்படுத்தச் செய்வது, நரம்பு வலைகள், ஒரு கணக்கின் அளவைப் பற்றிய கோட்பாடு, தன்னைத்தானே திருத்திக்கொள்வது, சாராம்சப்படுத்துதல், கடைசியாகத் தற்செயலும் படைப்பாற்றலும். புத்தியின் எந்த அம்சத்தையும் போதிய துல்லியத்துடன் வர்ணித்துவிட்டால் அதை யந்திரம் போலி செய்துவிடும் என்பது அவர்கள் கொண்ட ஊகம். துல்லியமாக வர்ணிப்பது யார், எங்கே நின்றுகொண்டு என்பது எட்டாவது தலைப்பாகவில்லை.

அந்த ஏழில் இரண்டாவதான மொழியை எடுத்துக்கொண்டு பெரிய காரியம் செய்தவர் டெரி வினோகிராட். எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது அவர் எழுதிய நிரலின் பெயர் ஷ்ருட்லு. திரையில் சில கட்டைகள், பிரமிடுகள், ஒரு பெட்டி. அந்த உலகத்துக்குள் அதை எடு, இதன்மேல் வை என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது புரிந்துகொள்ளும். ‘அது’ என்றால் எது என்பதும் தெரியும். தெரியாவிட்டால் கேட்கும். கட்டைகளின் உலகத்தில் யாரும் யாருக்கும் எதையும் மறுப்பதில்லை. ஆகவே அங்கே அர்த்தம் சிக்கலில்லாமல் இருந்தது.

ஆனால் 1972-இல் அந்த ஆய்வை அச்சிட்டபோது வினோகிராட், தன் யந்திரத்தால் எட்ட முடியாத ஒரு உதாரணத்தையும் சேர்த்துச் சொன்னார். நகரசபை உறுப்பினர்கள் சில பெண்களுக்கு ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி மறுக்கிறார்கள். ஏனென்றால் ‘அவர்கள்’ வன்முறைக்கு அஞ்சினார்கள். இங்கே ‘அவர்கள்’ நகரசபையினர். இதே வாக்கியத்தின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றி, ஏனென்றால் ‘அவர்கள்’ புரட்சியை ஆதரித்தார்கள் என்று முடித்தால் ‘அவர்கள்’ பெண்களாகி விடுகிறார்கள். இலக்கணத்தில் எதுவும் மாறவில்லை. வாசகனுக்கு உலகத்தைப் பற்றி என்ன தெரியும் என்பதுதான் அந்தச் சொல்லை இங்குமங்கும் திருப்புகிறது. பிரெஞ்சில் மொழிபெயர்ப்பதானால் ஆண்பாலா பெண்பாலா என்று முடிவு செய்தே ஆகவேண்டும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

சுமார் நாற்பது வருஷம் கழித்து, 2011-இல், கனடாவைச் சேர்ந்த ஹெக்டர் லெவெக், பொதுப்புத்தித் தர்க்கத்துக்கென்றே கூடிய ஒரு கருத்தரங்கில், இம்மாதிரி இரட்டை வாக்கியங்களை யந்திரத்துக்குப் பரீட்சையாக வைக்கலாம் என்றார். உரையாடி ஏமாற்றும் யந்திரத்தைவிட, ஒரு சுட்டுப்பெயரைச் சரியாகப் பிடிக்கும் யந்திரம் மேல் என்பது அவர் வாதம். நேர்மையான வாதம். பரீட்சைக்கு வினோகிராடின் பெயரையே வைத்தார்கள். உதாரணத்தில் மட்டும் சிறு மாறுதல். பெண்கள் போய் ஆர்ப்பாட்டக்காரர்கள் வந்தார்கள். புரட்சி போய், இரண்டு பக்கமும் வன்முறை வந்தது. ஒரு பக்கத்தார் வன்முறைக்கு அஞ்சுகிறார்கள். மறு பக்கத்தார் வன்முறையை ஆதரிக்கிறார்கள்.

மாற்றியதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு சொல் மட்டும் மாறினால்தான் பரீட்சை சுத்தமாக இருக்கும். அஞ்சினார்கள், ஆதரித்தார்கள் என்ற அந்தச் சொல் மட்டும் மாறுவது வடிவத்தில் அழகு. பரீட்சை வைப்பவன் என்கிற முறையில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் எது மறைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1972-இல் அந்தப் பெண்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது. புரட்சி என்று அதற்கு ஒரு பெயராவது இருந்தது. புதிய வாக்கியத்தில் அவர்களுக்கு வன்முறை ஒன்றைத் தவிர வேறு எதுவுமில்லை.

3

என் கைக்கு வந்த அறுபதில் இதுவும் ஒன்று.

தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதலில் ஒரு வியப்பு. தமிழின் ‘அவர்கள்’ ஆண், பெண் சொல்லாது. பிரெஞ்சுக்காரனை முடிவெடுக்க வைக்கும் நிர்ப்பந்தம் நமக்கில்லை. புதிரை அப்படியே கைமாற்றிவிடலாம் போலிருந்தது.

ஆனால் எழுதிப் பார்த்தால் அது தமிழாக இல்லை. தமிழில் இதைச் சொல்கிறவன், வன்முறைக்குப் பயந்து நகரசபையினர் அனுமதி மறுத்துவிட்டார்கள் என்பான். ‘பயந்து’ என்று வினையெச்சம் போட்ட கணமே விஷயம் தீர்ந்தது. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியம் தொட்டு வருகிற விதி. பயந்தவனே மறுத்தவன். இங்கே உலக அறிவு தேவையில்லை. இலக்கணமே பதில் சொல்லிவிடுகிறது. புதிரைக் காப்பாற்ற வேண்டுமானால், ‘ஏனெனில் அவர்கள்’ என்று யாரும் பேசாத ஒரு தமிழை நான் செயற்கையாகக் கட்ட வேண்டும். கட்டினேன். கூலி அதற்குத்தான்.

மருமகனிடம் சொன்னேன். “அது பரவாயில்ல மாமா, எல்லா மொழியிலயும் கொஞ்சம் அப்படித்தான் ஆகும். விடைய மட்டும் பக்கத்துல எழுதிடுங்க” என்றான்.

விடை. நகரசபையினர், அல்லது ஆர்ப்பாட்டக்காரர்கள். மூன்றாவது கட்டம் கிடையாது.

நான் அங்கேதான் நின்றுபோனேன். மொழியால் அல்ல. அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

4

1987-இல் எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் கமிட்டியில் நான் இருந்தேன். நம்மில் பலரும் அந்த வயதில் அப்படி ஏதாவதொன்றில் இருந்தவர்கள்தான். நாற்பது பேர் உட்காரக்கூடிய ஒரு கூடம் எங்களுக்கு இருந்தது. அங்கே கவிதை வாசித்தோம், சினிமா பற்றிப் பேசினோம். காம்யுவும் காஃப்காவும் அந்தக் கூடத்தில் அடிபட்ட அளவு வேறெங்கும் அடிபட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் ஊரின் துப்புரவுத் தொழிலாளிப் பெண்கள் சிலர் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடம் வேண்டும் என்றார்கள். கூலி நிலுவை பற்றிக் கூடிப் பேச வேண்டும். மரத்தடியில் கூடினால் மேஸ்திரி ஆளனுப்பிக் கலைத்துவிடுகிறான். பேசிய அம்மாள் மிக மெதுவாகத்தான் பேசினாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். “ஒரு மணி நேரம் போதும் சார், கூட்டிப் பெருக்கி வச்சிட்டுப் போயிடறோம்” என்றாள். அவள் அதைச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

கமிட்டி கூடியது. ஐந்து பேர். யாரும் கெட்டவர்கள் அல்ல. படிப்பகத்துக்கு இடம் கொடுத்திருந்தவர் நகராட்சிக் காண்டிராக்டுகள் எடுப்பவருக்கு உறவு. இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கலாட்டா ஆகும் என்றார் ஒருவர். போலீஸ் வரும் என்றார் இன்னொருவர். அரை மணியில் முடிந்தது. மினிட் புத்தகம் எழுதுவது என் பொறுப்பு. நான் எழுதினேன்: கலவரம் ஏற்படக்கூடும் என்ற அச்சத்தால் கூடம் தர இயலாது என முடிவு செய்யப்பட்டது.

யாருக்கு அச்சம்? அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. முடிவு செய்தது யார்? அதுவும் இல்லை. ‘அவர்கள்’ கூட இல்லை. அதையும் தமிழ் எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது. மொழியை நேசிக்கிறவன், சொல்லின் நேர்மை பற்றிக் கட்டுரை எழுதுகிறவன், தன் கைவசமிருந்த திறமையை எதற்குப் பயன்படுத்தினான் என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். என் வாக்கியத்தை ஒரு யந்திரத்திடம் கொடுத்து அஞ்சியது யார் என்று கேட்டால், கமிட்டி என்று சொல்லும். சரியான விடை. மதிப்பெண் உண்டு. ஆனால் நாங்கள் கலவரத்துக்கு அஞ்சவே இல்லை. இடம் கொடுத்தவருடைய முகம் சுளிப்பதற்கு அஞ்சினோம். அந்த முப்பது பெண்களால் கலவரம் வராது என்பது ஐந்து பேருக்கும் தெரியும். ‘ஏனெனில்’ என்பதற்குப் பின்னால் நான் எழுதியது காரணம் அல்ல. மறுத்தவன் சொல்லிக்கொண்ட காரணம்.

‘அவர்கள்’ யார் என்பதைச் சரியாகச் சொல்கிற அதே கணத்தில், வாசகன் இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டு விடுகிறான்: அவர்கள் அஞ்சினார்கள் என்பதை. சுட்டுப்பெயரைப் பற்றித்தான் கேள்வி. ஆகவே பயத்தைப் பற்றிக் கேள்வி எழுவதில்லை. அதிகாரத்தில் இருப்பவன் வன்முறைக்கு அஞ்சுபவன், தெருவில் நிற்பவன் வன்முறையை விரும்புபவன் என்பதை ஒப்புக்கொண்டால்தான் அந்தப் புதிர் புதிராகவே நிற்கும். இதற்குத்தான் பொதுப்புத்தி என்று பெயர். சிறையிலிருந்து எழுதிய கிராம்ஷிக்கு இந்தச் சொல் சந்தேகத்துக்குரியது. ஒரு சமூகம் பரிசீலிக்காமல் கொண்டிருக்கும் நம்பிக்கைகளின் குவியல். கருத்தரங்கின் நிரலில் அது எட்ட வேண்டிய இலக்கு. ஒரே சொல், எதிரெதிர் திசைகள்.

5

இந்தப் பரீட்சையை யந்திரங்கள் எப்படி எழுதின என்பதும் சொல்லப்பட வேண்டும். 2016-இல் நியூயார்க்கில் நடந்த சர்வதேசக் கருத்தரங்கில் முதன்முறையாகப் போட்டி வைத்தார்கள். முதலில் வந்த நிரல் 58 சதவிகிதம் வாங்கியது. பரிசு யாருக்கும் தரப்படவில்லை. மூன்றே வருஷத்தில், 2019-இல், பழைய வாக்கியங்களில் 90 சதவிகிதம் தாண்டிவிட்டார்கள். இடையில் நடந்தது, யந்திரத்துக்கு யாரோ உலகத்தை வர்ணித்துக் கொடுத்ததல்ல. மலைபோல அச்செழுத்தைக் கொடுத்து, விட்டுப்போன சொல்லை ஊகிக்கப் பழக்கினார்கள். கூடவே, கூலிக்கு ஆட்களை அமர்த்திப் புதிதாக 44,000 புதிர்கள் எழுத வைத்தார்கள். வாக்கியத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய என்னைப் போன்றவர்கள். பரீட்சையை முன்வைத்தவர்களில் சிலரே பின்னர் அதன் தோல்வியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். யந்திரம் பாஸாகிவிட்டது, ஆனால் பொதுப்புத்தி வந்துவிட்டதாகத் தோன்றவில்லை என்று. தம்முடைய அளவுகோலைத் தாமே முறித்துப்போடும் இந்த நேர்மை நம் விமர்சகர்களிடம் அபூர்வம்.

ஆனால் வந்தது என்ன? அச்செழுத்தில் நகரசபைகள் எப்போதும் அஞ்சுகின்றன. அறிக்கைகளில், தீர்மானங்களில், மறுநாள் பத்திரிகையில் அஞ்சுகின்றன. மினிட் புத்தகம் வைத்திருப்பவர்கள் மறுப்பவர்கள்தான்; மறுக்கப்பட்டவர்களிடம் புத்தகம் இல்லை. அந்த அம்மாள் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எதுவும் எழுதிவைக்கவில்லை. நான்தான் எழுதிவைத்தேன். என் வாக்கியத்தைப் போன்ற லட்சம் வாக்கியங்களிலிருந்து யந்திரம் ஒன்றைக் கற்றால், அது கற்பது உலகத்தை அல்ல, எங்கள் கமிட்டியை. யந்திரம் தவறு செய்யும் என்று பயப்படுகிறவர்கள் பலர். என் பயம் வேறு. அது நம்மைப்போலவே சரியாகச் சொல்லும்.

இதைத் துறையினர் அறவே உணரவில்லை என்றால் அது பொய். 2018-இல் இதே வினோகிராட் வடிவத்தைக் கொண்டே இரண்டு குழுவினர் வேறொரு சோதனை செய்தார்கள். டாக்டர், நர்ஸ் போன்ற தொழில்களை வைத்து, யந்திரம் எதை ஆணென்றும் எதைப் பெண்ணென்றும் எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். தொழிலைப் பார்த்தே யந்திரம் பால் முடிவு செய்துவிடுவதை நிரூபித்தார்கள். நல்ல வேலை. புதிரிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்கள் இப்படித் திரும்பி வந்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அனுமதி கேட்டு நின்ற பெண்களாக வரவில்லை. ‘பாரபட்சம்’ என்கிற தனித் தலைப்பில், தனி அறையில் வந்தார்கள். 2020-இல் நியூரிப்ஸ் என்ற பெரிய கருத்தரங்கு, கட்டுரை அனுப்பும் ஒவ்வொருவரும் தன் ஆராய்ச்சியால் சமூகத்துக்கு நேரக்கூடிய விளைவைப் பற்றியும் எழுதவேண்டும் என்று விதித்தது. அடுத்த வருஷமே அது கேள்விப் பட்டியலாக மாறியது. அறவுணர்வு ஒரு தலைப்பாகிவிட்டால், மற்றத் தலைப்புகளுக்கு அதிலிருந்து விடுதலை கிடைத்துவிடுகிறது. நம் பத்திரிகைகளில் ‘சமூகப் பிரக்ஞை’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை போட்டுவிட்டு மீதிப் பக்கங்களில் நிம்மதியாக இருந்ததில்லையா நாம்?

6

ஜோஸப் வைசன்பாமின் பெயர் இந்த இடத்தில் வரவேண்டும். 1923-இல் பெர்லினில் பிறந்த யூதர். பதின்மூன்று வயதில் நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர். எம்.ஐ.டி.யில் அவர் எழுதி 1966-இல் வெளியிட்ட எலைஸா என்கிற எளிய நிரல், மனநல வைத்தியரைப் போல், நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அதில் எதுவும் இல்லை என்று தெரிந்திருந்தும், அவருடைய காரியதரிசி அதனோடு பேசும்போது அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாளாம். இந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்த அவருடைய 1976 புத்தகம், யந்திரத்தால் எது முடியாது என்று வாதிடவில்லை. முடிந்தாலும் எதைச் செய்யக்கூடாது என்று கேட்டது. முடிவெடுப்பது வேறு, தேர்ந்துகொள்வது வேறு என்றார். முன்னது கணக்கு, பின்னது ஒரு ஆள் தன்மேல் போட்டுக்கொள்வது.

வினோகிராடும் தன் பழைய பாதையை விட்டார். 1986-இல் அவர் எழுதிய நூலின் இணையாசிரியர் ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ். சிலியில் அயெந்தேயின் அரசில் மந்திரியாக இருந்து, 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் மூன்று வருஷம் சிறையிலிருந்தவர். மொழி என்பது உலகத்தை வர்ணிப்பதல்ல, பேசுகிறவன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் செயல் என்பது அந்நூலின் மையமான சிந்தனைகளில் ஒன்று. வாக்குக் கொடுப்பது, கேட்பது, மறுப்பது எல்லாம் செயல்கள். ‘அனுமதி மறுத்தார்கள்’ என்பதன் எடை அந்தச் சிலிக்காரருக்கு உதாரண வாக்கியமாக இருந்திருக்காது.

இந்த இருவரையும் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகியது. புரிந்துகொள்வது என்பதற்கு இரண்டு தளங்கள் இருக்கின்றன. ஒன்றில், வாக்கியத்தின் முடிச்சை அவிழ்க்கிறோம். இதைச் செய்ய யந்திரத்தால் முடியும். முடியாது என்று பந்தயம் கட்டியவர்கள் தோற்றுவிட்டார்கள், அதற்காக நாம் துக்கப்படவும் தேவையில்லை. இன்னொன்றில், அந்த வாக்கியத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று கண்டுகொள்கிறோம். ‘அவர்கள்’ என்று படித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று ‘நான்’ என்று படிக்கிற கணம் அது. இதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது, ஆகையால் பரீட்சையும் கிடையாது. இலக்கியம் செய்ததெல்லாம் இதைத்தான் என்று நினைக்கிறேன். யந்திரம் இதைச் செய்யாது என்று சொல்ல வரவில்லை. 1987-இல் அத்தனை புத்தகம் படித்த ஐந்து பேர் இதைச் செய்யவில்லை என்றுதான் சொல்ல வருகிறேன்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன், கூடத்தைப் பற்றியும். பொறுமையாகக் கேட்டான். “மாமா, நீங்க சொல்றது அந்த வாக்கியத்தப் பத்தி இல்ல, உங்களப் பத்தி” என்றான். அவன் சொன்னது சரி. ஒரு சிறிய கேள்விக்கு ஒரு சிறிய கருவி செய்கிறவனிடம் போய் என் பாவத்தை இறக்கிவைப்பது நியாயமில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: “அந்தப் பொம்பளைங்க அப்பறம் எங்க கூடினாங்க?”

இந்தக் கேள்வியை எங்கள் கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. அறுபது வாக்கியங்களில் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் சுடுகாட்டுக்குப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகையில் கூடினார்கள். மழை பெய்தது. வரப்போகிறது என்று நான் எழுதிவைத்த கலவரம் எதுவும் வரவில்லை.

அறுபதையும் முடித்து அனுப்பினேன். அந்த வாக்கியத்துக்கு எதிரே, விடைப் பத்தியில், நகரசபையினர் என்றே எழுதினேன். அதுதான் சரியான விடை. 1987-இல் நான் எழுதிய வாக்கியத்திலும் பிழை எதுவும் இருக்கவில்லை.